போஸ்ட்டு எந்தக் கோயில்?

"எம் பேத்தி லீவுக்கு வந்திருக்கா, ஏழாவது படிக்கிறா. கரண்டு போஸ்ட்டுக்கும் போஸ்ட் ஆபீசுக்கும் ஏன் ஒரே பேருன்னு கேட்டு உசுர வாங்குறா. போஸ்ட் ஆபீஸ் வாசல்ல கரண்டு போஸ்ட் நிக்கிறதாலயான்னு வேற கேக்குறா. நான் என்னத்தச் சொல்ல?" – ஒரு ஆச்சி, பள்ளத்தூர்

மொதல்ல அந்தப் புள்ளைக்கு ரெண்டு தேன்குழல் எடுத்துக் குடுங்க ஆச்சி. இத்தன வருசமா இந்தப் பக்கத்த எழுதுறேன், இந்தக் கேள்விய யாருமே கேட்டதில்ல, நானும் யோசிச்சதில்ல.

நம்ம பக்கத்து நகரத்தார் (செட்டியார்) கல்யாண வீட்டுல போய் நின்னு "பழனியப்பா"ன்னு ஒரு சத்தம் குடுங்க, எட்டு பேரு திரும்பிப் பாப்பாங்க. தாத்தா பேர பேரனுக்கு வச்சு வச்சே வந்த ஊரு, வேற எப்படி இருக்கும். அதனாலதான் பேரு சொன்ன ஒடனே அடுத்த கேள்வி வந்துரும், எந்தக் கோயில்? இளையாத்தங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா, இரணியூரா, இப்படி பிரிவுக்கு ஒண்ணா இருக்குற ஒம்போது கோயில்ல எதுன்னு தெரிஞ்சாத்தான் பங்காளியா, சம்பந்தம் பண்ணலாமான்னு எல்லாம் புரியும். பேரு ஒண்ணா இருக்குன்னு யாரும் பங்காளி ஆயிட முடியாது. இங்கிலீஷ் வார்த்தைகிட்டயும் இதே கேள்வியத்தான் கேக்கணும்னு நான் சொல்லுவேன்.

போஸ்ட்டுங்கற பேர்ல மூணு கோயில்காரங்க இருக்காங்க.

மொதக் கோயில், லத்தீன்ல போஸ்டிஸ். அதுக்கு அர்த்தம் கதவு நிலைக்கால். ஒங்க வீட்டு முகப்பு தாண்டி உள்ள போறப்ப பர்மாத் தேக்குல, மேல லட்சுமி, ரெண்டு பக்கமும் யானை, கொடி, கிளியெல்லாம் செதுக்கி ஒரு நிலை நிக்குமே, அதுல செங்குத்தா நிக்கிற அந்த ரெண்டு காலும்தான் அசல் போஸ்ட்டு. கரண்டு போஸ்ட், கோல் போஸ்ட், வேலிக்கு நட்ட போஸ்ட் எல்லாம் இந்த வீட்டுப் புள்ளைங்க. ஒசக்க நட்டுக்கிட்டு நிக்கிறது எதுவோ அது. அந்தக் காலத்துல நோட்டீச அந்தக் கம்பத்துலதான் ஒட்டுவாங்க, அதனால ஒட்டுறதுக்கே போஸ்ட் பண்றதுன்னு பேராச்சு, ஒட்டுன காயிதம் போஸ்டர் ஆச்சு. இப்ப ஒங்க மகன் அமெரிக்காவுல இருந்து பேஸ்புக்ல போஸ்ட் போடுறாரே, என் கணக்குல அதுவும் இந்தக் கோயில்தான், நாலு பேரு பாக்கட்டும்னு செவத்துல ஒட்டுறதுதான அது? அங்கயும் 'வால்'னுதான பேரு வச்சிருந்தாங்க.

ரெண்டாவது கோயில் போனேரே. லத்தீன்ல 'வைக்கிறது'ன்னு அர்த்தம். ரோட்டுல இத்தன மைலுக்கு ஒரு குதிர, ஒரு ஆளுன்னு *வச்சு* வச்சு, ஒருத்தன் ஓடியாந்து பையக் குடுக்க அடுத்தவன் வாங்கிக்கிட்டு ஓட, அப்படித்தான் ராஜா கடுதாசி போச்சு. வச்ச எடம் இத்தாலியில போஸ்தா, பிரெஞ்சுல போஸ்த், இங்கிலீஷ்ல போஸ்ட். ஆக போஸ்ட் ஆபீஸ்ல இருக்குற போஸ்ட்டுக்கும் கடுதாசிக்கும் நேரடியா ஒட்டும் கெடையாது ஒறவும் கெடையாது, ஆள நிறுத்தி வச்ச எடத்துக்குத்தான் அந்தப் பேரு. அவசரம்னா கவர் மேலயே "சீக்கிரம், போஸ்ட், சீக்கிரம்"னு இங்கிலாந்துல எழுதி விடுவாங்க, அதுதான் போஸ்ட்‌ஹேஸ்ட்னு இன்னைக்கும் புழங்குது.

வேலைக்குப் போஸ்டிங் போடுறாங்களே, கலெக்டர் போஸ்ட்டு, கிளார்க் போஸ்ட்டு, அதுவும் இந்த ரெண்டாவது கோயில்தான், இவரு இந்த எடத்துலன்னு *வைக்கிறது*. அப்ப தபால் போஸ்ட்டும் உத்தியோகப் போஸ்ட்டும் பங்காளி. கரண்டு போஸ்ட் வெளி ஆளு. பேத்திகிட்ட இதத்தான் சொல்லணும்.

இந்தக் கோயில்ல இன்னொரு பங்காளியும் உண்டு, ஒங்க ஊருக்கு ரொம்ப வேண்டப்பட்டவரு, டெபாசிட்டு. கீழ வைக்கிறது, ஒருத்தர நம்பி வச்சுட்டுப் போறது. ரங்கூன்லயும் பினாங்குலயும் கொண்டுவிக்கப் போன எடத்துலயெல்லாம் கடை நடந்ததே மத்தவங்க நம்பி வச்ச காசாலயும்தான, அந்த வச்சதுதான் இந்த போனேரே.

மூணாவது கோயில், லத்தீன்ல போஸ்ட்டுன்னே ஒரு வார்த்த, 'அப்பறம்'னு அர்த்தம். போஸ்ட்மார்ட்டம், செத்ததுக்கு அப்பறம். நாம கடுதாசிக்குக் கீழ பி.கு. போடுறோமே, அவங்க பி.எஸ். போடுவாங்க, போஸ்ட் ஸ்கிரிப்டம், எழுதுனதுக்கு அப்பறம். ஒங்க வீட்டுக் கடிகாரத்துல தெனம் பாக்குற பி.எம்.ல இருக்குற பி-யும் இதே போஸ்ட்தான், போஸ்ட் மெரிடியம், உச்சிக்கு அப்பறம்.

இதுல எனக்குப் புடிச்சது போஸ்ட்போன். ஒத்திப் போடுறதுக்குச் சொல்லுவாங்கல்ல, அதுல மொதப் பாதி மூணாவது கோயில், பின் பாதி ரெண்டாவது கோயில், 'அப்பறம்' 'வைக்கிறது'. சம்பந்தம் பண்ணிக்கிட்டு ஒரே வீட்டுல இருக்காங்க. அதப் பாத்து இந்தியாவுல நாம பிரீபோன்னு ஒண்ணு புழங்குறோம், முகூர்த்தத்த முன்னாடி தள்ளுறதுக்கு, வெள்ளக்காரன் கேட்டா முழிப்பான், ஆனா கணக்கு சரியாத்தான் இருக்கு.

என் கதையையும் சொல்லிர்றேன். பதினெட்டு வயசுல காரைக்குடியில ஒரு இரும்புக் கடையில கணக்கெழுதச் சேந்தேன். மூணாம் நாளு முதலாளி ஒரு கட்டு வவுச்சரையும் குறிப்பு நோட்டையும் மேசையில வச்சு "தம்பி, சாயங்காலத்துக்குள்ள எல்லாத்தையும் போஸ்ட் பண்ணிரு"ன்னுட்டு வெளிய போயிட்டாரு. நான் அம்புட்டையும் அடுக்கி, சணல் போட்டுக் கட்டி, பெட்டியடியில போய் "அண்ணே, ஸ்டாம்புக்குக் காசு குடுங்க, வெலாசம் யாருக்குன்னு முதலாளி சொல்லாமப் போயிட்டாரு"ன்னு நிக்கிறேன். கடையே சிரிச்சுச்சு. குறிப்புல இருக்குறத ஒவ்வொண்ணாப் பேரேட்டுல அவங்கவங்க பக்கத்துக்குக் கொண்டு போய் ஏத்துறதுக்கும் போஸ்ட்டுன்னுதான் பேருன்னு அன்னைக்குத்தான் தெரியும். அப்பறம் அங்கேயே முப்பத்தோரு வருசம் ஐந்தொகை போட்டேன், ஆனா கடைசி வரைக்கும் எம் பேரு 'ஸ்டாம்பு'தான்.

"போஸ்ட்டுங்கற நாலு எழுத்த மாத்தி மாத்திப் போட்டா ஆறு வார்த்த வரும்னு கோச்சிங் சென்டர்ல சொல்றாங்க. எனக்கு அஞ்சுதான் கெடைக்குது. ஆறாவது எது? இந்த ஆறுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?" – போட்டித் தேர்வு எழுதுற ஒரு தம்பி, தேவகோட்டை

பி, ஓ, எஸ், டி. நாலு எழுத்த இருபத்தி நாலு விதமா அடுக்கலாம் தம்பி. அதுல பதினெட்டு வாயிலயே நுழையாது. மிச்சம் ஆறு: போஸ்ட், ஸ்டாப், ஸ்பாட், டாப்ஸ், பாட்ஸ், ஆப்ட்ஸ். ஒங்களுக்கு வராதது ஆப்ட்ஸாத்தான் இருக்கும், எல்லாருக்கும் அதுதான் வழுக்கும், ஓ-வ மொத எழுத்தா வச்சுப் பாக்கணும்னே நமக்குத் தோணாது.

சம்பந்தம் கேட்டீங்களே, ஒண்ணுமே கெடையாது. ஒரே தெருவுல குடியிருக்காங்க, அம்புட்டுத்தான். போஸ்ட்டுன்னு எழுதுறப்ப ஓ நீளுது, ஸ்பாட்னு எழுதுறப்ப அதே ஓ வாயத் தொறந்து ஆ-ங்குது, எழுத்துதான் ஒண்ணு, சத்தம் கூட ஒண்ணு இல்ல. ஆனா ஒவ்வொருத்தரா விசாரிச்சா நல்ல ஆளுங்கதான்.

ஸ்டாப்பு மொதல்ல நிறுத்துறது இல்ல, அடைக்கிறது. லத்தீன்ல ஸ்டுப்பான்னா நாரு, கோணிப் பஞ்சு மாதிரி. ஓட்டையில நாரத் திணிச்சு அடைச்சாங்க, அடைச்சா தண்ணி நிக்கும், அதனால நிக்கிறதுக்கே அந்தப் பேரு ஆயிப்போச்சு. பாட்டில் மூடிய இன்னும் ஸ்டாப்பர்னுதான சொல்றோம். பழைய தந்தியில வாக்கியம் முடியுற எடத்துல புள்ளிக்குப் பதிலா ஸ்டாப்னு வார்த்தையாவே எழுதுவாங்க. எங்க முதலாளி வீட்டுல ஒரு வளைஞ்ச கம்பி, அடியில கட்டை, அதுல குத்தி வச்ச கடுதாசியும் தந்தியும் மூணு தலைமுறைக்கு இருந்துச்சு. கடுதாசியெல்லாம் மேல பிள்ளையார் சுழி, சிவமயம், அப்பறம் நலம் நலமறிய அவாவுன்னு ஆற அமர ஆரம்பிக்கும். ஆத்தாளுக்கு மூட்டுவலி தேவலையா, மாடு கன்னு போட்டுச்சான்னு எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் சங்கதிக்கு வரும். தந்திக்கு அந்த வசதி கெடையாது, வார்த்தைக்கு வார்த்த காசு. "அப்பச்சி சீரியஸ் ஸ்டாப் ஸ்டார்ட் இம்மீடியட்லி"ன்னு ஒண்ண நானே அதுல பாத்திருக்கேன், நடுவுல கம்பி குத்துன ஓட்டையோட. 2013 ஜூலையோட நாட்டுல தந்தியே நின்னுபோச்சு.

ஆப்ட்டுன்னா தேர்ந்தெடுக்குறது, லத்தீன்ல ஓப்டாரே. ஆப்ஷன் அதுலருந்து வந்ததுதான். இன்னொண்ணும் அதுலருந்து வந்துச்சு, அடாப்ட், தத்து எடுக்குறது, தனக்குன்னு தேர்ந்து எடுத்துக்கிறதுன்னு அர்த்தம். நம்ம பக்கம் பிள்ளை கூட்டிக்கிறதுன்னு சொல்லுவோம். ரெண்டு வார்த்தையையும் பக்கத்துல வச்சுப் பாருங்க தம்பி, அவன் தேர்ந்தெடுக்குறான், நாம கூட்டிக்கிறோம், எது நல்லாருக்குன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா சொல்லணும்னு கை அரிக்குது.

டாப்பு, பாட்டு (பானைங்க, பாடுற பாட்டு இல்ல), ஸ்பாட்டு மூணும் பழைய இங்கிலீஷ், அக்கம்பக்கத்து வட ஐரோப்பா மொழிகளோட ஒறவு, பெருசா ஒண்ணும் கத இல்ல. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய மங்குச் சாமானும் பித்தளைப் பானையும் அடுக்கி வச்சிருக்காங்களே, அங்க போய் நின்னு "பாட்ஸ்"னு சொல்லிட்டு அப்படியே எழுத்தத் திருப்பிப் போட்டு "ஸ்டாப்"னு சொல்லிப் பாருங்க, ரெண்டாவத வீட்டுக்காரம்மா சொல்லுவாங்க.

"தமிழ்ல இந்த மாதிரி எழுத்து மாத்துற வெளையாட்டு ஏன் இல்ல? நம்ம மொழிக்கு அது வராதா?" – தமிழாசிரியை, காரைக்குடி

நீங்களே தமிழ் டீச்சர், என்னைய மாட்டி விடுறீங்க. வராமல்லாம் இல்ல டீச்சர், நாம அத வெளையாட்டுன்னு நெனைக்காம பேச்சுலயே பண்ணிக்கிட்டு இருக்கோம். எங்க அப்பத்தா கடைசி வரைக்கும் மதுரைன்னு சொன்னதே கெடையாது, மருதைதான். அத வெறும் கொச்சைன்னு தள்ளிராம கொஞ்சம் கிட்ட வச்சுப் பாருங்க. து, ரை. ரு, தை. த்-உம் ர்-உம் எடம் மாறிக்கிச்சு, ஆனா உ-வும் ஐ-யும் இருந்த எடத்துலயே இருக்கு! சதை, தசை, அதுவும் அப்படியே, ச்-உம் த்-உம் மாறுது, அ-வும் ஐ-யும் அசையல. குதிரைய குருதைங்கறாங்களே, அதுலயும் மெய்யி ரெண்டும் மாறிருச்சு, உயிர்ல மட்டும் கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. மெய் எடம் மாறுது, உயிர் இருந்த எடத்துல இருக்குன்னு சொன்னா ஏதோ சித்தர் பாட்டு மாதிரி இருக்கு, ஆனா இது அப்பத்தா பேச்சு.

இங்கிலீஷ்காரனுக்கு எழுத்துங்கறது தனித்தனிச் செங்கல், எங்க வேணா தூக்கி வைக்கலாம். நமக்கு உயிரும் மெய்யும் சேந்து ஒரே எழுத்தா ஒட்டிக்கிது, அதனால அவன மாதிரி நாலு எழுத்துல ஆறு வார்த்த கெடைக்கிறது கஷ்டம். அதுக்குப் பதிலா நாம முழு வார்த்தையையே முன்ன பின்ன தூக்கி வைப்போம். வாய்க்கால், கால்வாய். இல்லத்துக்கு வாய், இல்வாய், அது திரும்பி வாயில். இல்லத்துக்கு முன்னாடி, இல்முன், அது திரும்பி முன்றில். இலக்கணப் போலின்னு நீங்க நடத்துற பாடம்தான், நான் ஒங்களுக்குச் சொல்றேன் பாருங்க.

திருப்பிப் படிக்கிறதுல நம்மள அசைக்க முடியாது. விகடகவி எல்லாருக்கும் தெரியும். மோரு போருமோ, மாடு ஓடுமான்னு பசங்க சொல்லும். கொப்புடையம்மன் தேர் நெலையத் தாண்டுறப்ப சின்னதுல நாங்க கத்துனது "தேரு வருதே", அத எந்தப் பக்கத்துலருந்து படிச்சாலும் தேர் வந்துக்கிட்டுத்தான் இருக்கும். ஆனா இதெல்லாம் ஒத்த வரி. ஞானசம்பந்தர் மாலைமாற்றுன்னு ஒரு பதிகமே பாடி வச்சிருக்காரு, "யாமாமாநீ யாமாமா யாழீகாமா காணாகா"ன்னு ஆரம்பிச்சு ஒவ்வொரு பாட்டும் பின்னாலருந்து படிச்சாலும் அதேதான். வெளையாட்டுக்கும் ஆச்சு, சாமிக்கும் ஆச்சு.

"போன மாசம் நியூஸ்ங்கறது நார்த், ஈஸ்ட், வெஸ்ட், சவுத் நாலு திசையோட மொத எழுத்துன்னு எழுதியிருந்தீங்க. எங்க காலேஜ்ல இங்கிலீஷ் சார் அது பொய்யின்னு சொல்லிட்டாரு. யாரு சொல்றது உண்மை?" – கல்லூரி மாணவி, புதுவயல்

ஒங்க சார் சொல்றதுதான். தப்பு எம்மேலதாம்மா. கேக்க நல்லாருக்கேன்னு விசாரிக்காம எழுதிட்டேன், கோயில் கேக்காம சம்பந்தம் பேசுன கதையா ஆயிப்போச்சு. நியூஸ்ங்கறது நியூவோட பன்மை, புதுசுங்க, அவ்வளவுதான். பழைய காலத்துல அத நடுவுல ஒரு இ போட்டு எழுதியிருக்காங்க, அந்த இ எந்தத் திசைன்னு நானே என்னையக் கேட்டிருக்கணும்.

ஒரு வார்த்தைக்கு மொத எழுத்த விரிச்சு யாராவது கத சொன்னா பத்துக்கு ஒம்போது அது கட்டுக்கததான். பாஷ்னு சொல்றோமே, பகட்டா இருக்குறதுக்கு, அது இந்தியாவுக்குக் கப்பல்ல வர்ற வெள்ளக்காரங்க போறப்ப எடது பக்கம், திரும்புறப்ப வலது பக்கம் நெழலான அறை கேட்டு டிக்கெட்டுல அடிச்ச, 'போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்'ங்கறதோட மொத எழுத்துன்னு ஒரு கத ஓடுது. அப்படி எழுத்து அடிச்ச டிக்கெட்டு ஒண்ணத்தக் கூட இதுவரைக்கும் யாரும் எடுத்துக் காட்டல.

"டீக்ங்கற இங்கிலீஷ் வார்த்த நம்ம தேக்குதானா? எழுத்த மாத்துனா டேக் வருதே, அதுவும் நம்மளதா?" – வாசகர், கானாடுகாத்தான்

மொதலாவது ஆமா, ரெண்டாவது இல்ல. தேக்குங்கறது தமிழ்லயும் மலையாளத்துலயும் இருக்குற பேரு, கேரளாக் கரையில மரம் வாங்க வந்த போர்ச்சுக்கீசியர் தேக்கான்னாங்க, அவங்ககிட்டருந்து இங்கிலீஷ்காரன் டீக்காக்கிட்டான். டேக்குங்கறது வட ஐரோப்பாக் கடலோடிங்க இங்கிலாந்துக்குக் கொண்டாந்தது, தாக்கான்னு அவங்க பாஷையில. ரெண்டும் ஒரே தெரு, வேற வேற வீடு.

காசு விசயத்துலயும் இதே கததான். இங்கிலீஷ்ல கேஷ்னு ரெண்டு உண்டு. பணம்னு சொல்ற கேஷ் பிரெஞ்சு, இத்தாலிக்காரங்க பெட்டியிலருந்து வந்தது, பணம் வைக்கிற பெட்டிக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு. கேஷியர நம்ம கடையில பெட்டியடின்னு சொன்னது பாருங்க, ஒருத்தர ஒருத்தர் பாக்காமலே ரெண்டு பேரும் பெட்டியப் புடிச்சிருக்காங்க. இன்னொரு கேஷ், மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கும்பினிக்காரன் புழங்குன சின்னச் செப்புக்காசு, எண்பது கேஷ் ஒரு பணம், நாப்பத்திரெண்டு பணம் ஒரு வராகன். அதுதான் நம்ம காசு, போர்ச்சுக்கீசியர் வாய் வழியாப் போனது.

ஒங்க ஊரு வீட்டுல முகப்புத் தூணக் கட்டிப் புடிச்சா ரெண்டு கையும் சேராது, அந்த மரம் பர்மாவுலருந்து கப்பல்ல வந்துச்சு, அதுக்கு இங்கிலீஷ்காரன் சொல்ற பேரு இந்தப் பக்கத்துலருந்து போச்சு. வட்டி எவ்வளவுன்னு யாரும் போடல.

அடுத்த மாசத்துக்கு: டி, இ, ஏ. மூணே எழுத்து, டீயும் அதுல இருக்கு. வேற எத்தன வார்த்த வருதுன்னு கார்டுல எழுதிப் போடுங்க, கார்டு இன்னும் அம்பது பைசாதான்.